பத்து நிமிடத்தில் நின்றுபோகும் எஞ்சின்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் கடல் வள்ளக்காரர்களுடையது. ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சினைத் திருகி மாட்டிக்கொண்டு, ஆனி ஆடி அலையைத் தாண்டிக் கணவாய்க்கும் வாளைக்கும் போகிறார்கள். சீசன் கைகொடுத்தால் பழைய கடனில் ஒரு பகுதியையாவது அடைக்கலாம். இந்த இரண்டு மாதத்தில் எஞ்சின் மக்கர் செய்தால் அந்த ஆண்டே போயிற்று.

குளச்சலில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் என்னைப் பட்டறைக்கு அனுப்பினார். "மீனவர்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் துறைமுகத்தையும் ஏலக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எஞ்சின் பட்டறையில் ஒரு நாள் உட்காருங்கள், மிச்சம் தானே தெரியும்" என்றார்.

தகரக் கூரை, மணல் தரை. மரச்சட்டங்களில் எஞ்சின்கள் மேலுறை கழற்றப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கால் பக்கமும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெயும் உப்பும் கலந்த வாடை. ஊரில் எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடும் அந்த மனிதர், சிறுவயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போனவர். எண்பதுகளில் இந்தக் கரைக்கு எஞ்சின்கள் வரத் தொடங்கியபோது சங்கத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தவர். இன்று சுற்றுவட்டாரத்தில் எவர் எஞ்சின் நின்றாலும் கடைசியில் இவரிடம்தான் வருகிறது. 'கடைசியில்' என்பதுதான் இங்கே பிரச்சினையே.

நான் போயிருந்தபோது ஓர் இளைஞர் தன் எஞ்சினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "மாமா, வலிச்ச உடனே ஸ்டார்ட் ஆவுது. அலை தாண்டி ஒரு பத்து நிமிசம் நல்லா ஓடும். பிறகு இருமி இருமி நின்னு போவுது. கொஞ்ச நேரம் போட்டுட்டு வலிச்சா மறுபடி எடுக்குது. பிளக்கு மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, ஒண்ணும் கேக்கல."

"காயில எதுக்கு மக்கா மாத்தின?"

"கடையில சொன்னாங்க."

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. எஞ்சினைத் தொடவும் இல்லை. "டேங்கும் ஓசும் எங்கே? எடுத்துட்டு வா" என்று இளைஞரைத் திருப்பி அனுப்பினார். எஞ்சினைக் கொண்டுவருகிறவர்கள் எண்ணெய் டேங்கை வீட்டில் விட்டுவிட்டு வருவார்களாம். பாதி நோய் டேங்கில் இருக்கும் என்கிறார்.

இளைஞர் திரும்பி வருவதற்குள் எனக்குப் பாடம் நடந்தது. இந்த எஞ்சின்கள் பெட்ரோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால் முதலில் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே திருப்பினால் திணறி நின்றுவிடும். கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகே அணைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை வலித்து வலித்துத் தோள் இற்றுப்போகும். இத்தனை சிரமமும் எதற்கு என்றால், மானிய விலையில் மண்ணெண்ணெய் கிடைக்கிறது, பெட்ரோலுக்குக் கட்டாது.

இளைஞர் டேங்கோடு வந்தார். மேஸ்திரி முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் பிடித்து வெயிலில் வைத்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். தங்கவில்லை. பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைக் காட்டினார். லேசான பழுப்பு. "இது கரியா இருந்தா எண்ணெய் ஜாஸ்தி. வெள்ளையா வெந்து கிடந்தா சூடு ஜாஸ்தி. இது ஆரோக்கியமா இருக்கு, இதைப் போய் மாத்தியிருக்கான்."

எஞ்சினைப் பீப்பாயில் மாட்டிக் கிளப்பினார்கள். உடனே எடுத்தது. பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் வேகமாகப் பீய்ச்சியது. உள்ளே தண்ணீர் ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளி இறக்கும் ஊர்களில் மணல் புகுந்து இந்தச் சக்கரம் சீக்கிரம் தேய்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் வெந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மெதுவாக ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. மேஸ்திரி கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டினார். சில நிமிடம் இரைந்தது. பிறகு இருமல். நின்றது. நின்ற நொடியிலேயே பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் வைத்துக் கயிற்றை வலிக்கச் சொன்னார். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. சூடேறியதும் செத்துப்போகும் காயில் உண்டு, அதுவும் இதே போலப் பத்து நிமிடம் ஓடி நிற்கும், ஆறினால் எடுக்கும். அதனால்தான் நின்ற உடனே பார்க்க வேண்டும் என்கிறார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காயில் ஆறிவிடும், பொறியும் வந்துவிடும், நோய் ஒளிந்துகொள்ளும். இங்கே சூட்டிலும் பொறி இருக்கிறது. ஆக மின்சாரத்தில் கோளாறு இல்லை.

அடுத்து ஓசின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைக் காட்டினார். எண்ணெய் நிறைந்து கெட்டியாக இருக்க வேண்டிய பல்பு, பல் போன கிழவியின் கன்னம் போல ஒட்டிப் போயிருந்தது. எஞ்சின் உறிஞ்சுகிறது, டேங்கிலிருந்து வரத்து இல்லை. டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கிறது. அது அடைத்திருந்தால் உள்ளே காற்றுப் புகாமல் எண்ணெய் வராது. கடலில் நிற்கும் எஞ்சின்களில் நிறைய இந்தத் திருகைத் திறக்க மறந்தவைதானாம். இதில் திறந்தே இருந்தது. டேங்கின் அடியில் இருக்கும் வடிகட்டியும் சுத்தம்.

மிச்சம் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே உள்ள முழ நீள ஓசு. மேஸ்திரி அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போனது. பிறகு உறிஞ்சினார். வரவில்லை. மறுபடி ஊதினார், போனது. உறிஞ்சினார், அடைத்துக்கொண்டது. என் கையில் கொடுத்தார். நானும் செய்து பார்த்தேன், வாயில் மண்ணெண்ணெய் கரித்தது. ஆனால் அந்த ஒரு கணத்தில் கோளாறு எனக்கும் விளங்கிவிட்டது. கத்தியால் ஓசை நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டினார். உள்புறத் தோல் ஊறி நெகிழ்ந்து, ஓரிடத்தில் உரிந்து தொங்குகிறது. ஊதும்போது சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சும்போது எழுந்து வழியை மூடுகிறது. மெதுவாக ஓடினால் உறிஞ்சும் வேகம் குறைவு, இடுக்கில் கசிந்து வருவதே போதும். வேகம் கூட்டினால் கதவு சாத்திவிடுகிறது. நிறுத்திப் போட்டால் பல்பு மெல்ல மெல்ல நிறைகிறது, மறுபடி எடுக்கிறது.

எண்ணெய்க்கான ரப்பரில் செய்த ஓசு இப்படி ஆகாது. இது வேறு எதற்கோ செய்த மலிவு ஓசு, கறுப்பாக இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு முழ ஓசு. அதற்காக அந்த இளைஞர் பிளக் வாங்கியிருக்கிறார், காயில் வாங்கியிருக்கிறார், சீசனில் கடலுக்குப் போகாமல் நின்றிருக்கிறார். வள்ளத்தில் கூடப் போகும் தொழிலாளிகளுக்கும் பங்கு இல்லை.

இதை வெறும் பண நஷ்டமாக நினைத்துவிடக் கூடாது. அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் திரும்பிவிடும். பக்கவாட்டில் ஒரு அலை போதும் கவிழ்க்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த கரை இது. கடலில் உயிர் போவதென்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசு வாங்கிய கடை எது என்று கேட்டேன். இளைஞர் தயங்கினார். எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்தவரின் கடை. வட்டி கேட்பதில்லை. பதிலுக்கு, பிடித்து வரும் மீனை அவர் கையால்தான் ஏலம் விட வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குத் தரகு உண்டு. தரகு போய்க்கொண்டே இருக்கும், வாங்கிய முதல் அப்படியே நிற்கும். சாமானும் அங்கேதான் கடனில் வாங்க வேண்டும். அவர் கொடுப்பதுதான் பிளக், அவர் கொடுப்பதுதான் ஓசு, அவர் சொல்வதுதான் நோய். காயில் போனதாகச் சொன்னால் காயில் விற்கும்.

இந்தக் கட்டை உடைக்கத்தான் இந்தக் கரையில் மீனவர் சங்கங்கள் பிறந்தன. திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் மீனவர்களே தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டு, தங்களுக்குத் தாங்களே கடன் கொடுத்துக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் 1980இல் உருவாகி, பிற்பாடு எஞ்சின் இறக்குமதியிலும் பழுதுபார்ப்பிலும் இறங்கியது. முட்டத்தில் பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜில்லே படகு கட்டும் மையத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். எஞ்சின், படகு, கடன், ஏலம் நான்கும் மீனவன் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்ட கணக்கு சரியான கணக்கு. சங்கம் வலுவிழந்த ஊர்களில் தரகு மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. வியாபாரத்தில் லாபம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அலைக்கு நடுவே எஞ்சினை நிறுத்திவிடும் ஓசை, வேறு கடைக்குப் போக முடியாதவனிடம் தெரிந்தே விற்பது வியாபாரத்தில் சேராது.

2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், வள்ளங்களுக்கான மானிய மண்ணெண்ணெய் ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அந்த எண்ணெய் எஞ்சினுக்குப் போய்ச் சேர ஒரு முழ ஓசு நன்றாக இருக்க வேண்டும். மீன்வளத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: மண்ணெண்ணெய் வழங்கும் இடத்திலேயே தரமான ஓசு, பல்பு, பிளக், ரப்பர்ச் சக்கரம் நான்கையும் நியாய விலைக்கு வையுங்கள். மேஸ்திரியைப் போன்றவர்களிடம் ஊர்ப் பிள்ளைகள் தொழில் படிக்க உதவித்தொகை கொடுங்கள். அவர் பட்டறையில் இப்போது படிக்க வந்திருப்பது ஒரே ஒரு பையன். அவனுக்கும் கூலி, மேஸ்திரி தன் கையிலிருந்து கொடுப்பது.