நாயுடுபேட்டையில் நம் எண்ணெய்க் கிண்ணம்

சென்னையினின்று கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், சூளூர்ப்பேட்டைக்கு அப்பால், சுவர்ணமுகி ஆற்றை அடுத்து அமைந்தது நாயுடுபேட்டை. தேங்காய் எண்ணெய்க்கு இங்கே ‘கொப்பரி நூனெ’ என்று பெயர். மார்கழி விடியலில் அது உறைந்திருக்கக் கண்டு கலப்படமோ என ஐயுற வேண்டா. 24 பாகைக்குக் கீழ் உறைவது அதன் இயல்பு.

குடியேறிய நம் குடும்பங்களிலோ, பள்ளித் தோழியர் நகைப்புக்கு அஞ்சிப் பெண்மக்கள் எண்ணெயைத் துறக்க எண்ணுகின்றனர். கூந்தலை அலசுமுன் தேங்காய் எண்ணெய் தடவினால் அதன் புரதம் கழிவது குறையும் என 2003-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு காக்கவில்லை. புதுமயிர் முளைக்கும் என்பதற்கு அது சான்றன்று. உள்ளதைக் காக்கும், அவ்வளவே. ஆகவே இரவில் தடவிக் காலையில் அலசுவோம்; வழக்கமும் நிற்கும், நகைப்பும் நீங்கும்.