ஏற முடியாத இலவசப் பேருந்து

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. எங்கள் அலுவலகப் பெண்கள் கையில் மாதக் கடைசியிலும் கொஞ்சம் காசு நின்றது, என்னைத் தவிர. சிறுவயதில் போலியோ தாக்கிய இடது காலில் காலிப்பர் போட்டு நடப்பவள் நான். பேருந்தின் முதல் படி என் முழங்கால் உயரம். வலது காலை மேலே வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்கும்போது மடங்காத காலிப்பர் படி விளிம்பில் இடிக்கும். அதற்குள் விசில் அடித்துவிடும். ஆகவே அன்றும் இன்றும் ஆட்டோதான். பக்கத்து இருக்கைத் தோழிக்கும் எனக்கும் ஒரே சம்பளம்; ஆனால் மாதாமாதம் அவளைவிட நான் ஏழை.

இதைத் தலையெழுத்து என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையைப் படிக்கும்வரை. எதில் சமத்துவம் வேண்டும் என்று அதில் கேட்கிறார். உடல் ஊனமுற்ற ஒருவரையே உதாரணமாக எடுக்கிறார். வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டால் போதாது, அதைக்கொண்டு ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, எங்கே போய்வர முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோளாறு என் காலில் மட்டுமல்ல, அந்தப் படியிலும் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

ஏற்றிவிடக் கைகள் எனக்குக் கிடைத்தே வந்திருக்கின்றன. அந்த அன்பை மறக்கமாட்டேன். ஆனால் கை நீட்ட ஆளில்லாத நாளில் நான் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆள் இருக்கும் நாளில் எங்கே பிடித்துத் தூக்குவார்களோ என்று உடம்பு கூசும். அன்பு தீர்க்கிற காரியமல்ல இது. உரிமை என்றால் எதிரே கடமைப்பட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

1986-இல் ஐ.நா. பொதுச்சபை வளர்ச்சியை மனித உரிமை என்று பிரகடனம் செய்தபோது, அதன் மையம் மனிதரே என்றது. அதற்கான சூழலை உருவாக்கும் முதல் பொறுப்பை அரசுகள் மேல் வைத்தது. பிரகடனத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் நம்மிடம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 41-ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. 2024-இல் சென்னையில் படி ஏறாமலே உள்ளே போகக்கூடிய புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் நீண்ட நீதிமன்றப் போராட்டம் உண்டு.

எங்கள் ஊர்த் தடத்துக்கும் அப்படியொரு பேருந்து கேட்டு, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. எந்தத் தேதிக்குள் என்று கேட்டு அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இப்போதைக்குக் கேட்பது அவ்வளவுதான்.