பச்சைப் புள்ளிகள் வந்த வழி

மார்ச் 4

இன்று 17ஆம் எலி. மயக்கம் நன்றாகப் பிடித்த பிறகு காதுக்கம்பிகளால் தலையைச் சட்டத்தில் நிறுத்தினேன். மண்டையோட்டு எலும்புகள் கூடும் பிரெக்மாதான் எங்களுக்கு மைல்கல். அங்கிருந்து பின்னே 2.5 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 5. மீசை மயிர்களின் தொடுவுணர்வு வந்து சேரும் புறணி அது. கண்ணாடி ஊசி வழியே காலரா நச்சின் பி கூறு, பச்சையாக ஒளிரும் சாயத்தோடு. பேதியைக் கிளப்புவது ஏ கூறுதான். பி நரம்பணுவின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. இழையின் நுனி அதை உள்ளிழுத்து, அணுவுடல் எங்கே இருக்கிறதோ அங்கே வரை பின்னோக்கிச் சுமந்து போகும். ஊசியை உடனே உருவினால் சாயம் தடத்தோடு மேலேறிவிடும். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 6

எலி நன்றாகத் தின்கிறது. தையலும் ஆறுகிறது.

எந்த இடம் எந்த இடத்தோடு இணைந்திருக்கிறது என்று அறிய முன்பெல்லாம் மூளையில் ஓரிடத்தைச் சிதைத்து, அழியும் இழைகளை வெள்ளிச் சாயத்தில் தேடுவார்கள். 1950களில் வாலே நௌட்டா அதைச் செம்மையாக்கினார். 1972இல் ஜெனிஃபர் லாவெய்லும் மேத்யூ லாவெய்லும் குதிரைமுள்ளங்கி நொதியைக் கோழிக்குஞ்சின் கண்ணில் செலுத்தி, அந்தக் கண்ணுக்கு இழை அனுப்பும் அணுக்களை மூளைக்குள் கண்டார்கள். உயிருள்ள அணுவின் சொந்தப் போக்குவரத்தையே வழிகாட்டி ஆக்கிய யோசனை! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

மார்ச் 11

ஆழ்ந்த மயக்கத்தில் இதயம் வழியே உப்புநீர், பிறகு ஃபார்மால்டிஹைடு. இப்படிப்பட்ட நாட்களில் நான் மதியம் சாப்பிடுவதில்லை.

மார்ச் 15, இரவு

மூளையின் 40 மைக்ரான் சீவல்கள். தூரிகையால் ஏற்றும்போது வெங்காயத் தோல்போல மடிந்துகொள்கின்றன.

தலாமஸில், மீசைக்குரிய இடத்தில், பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நரம்பணு. பின்னால் உள்ள சீவல்களில், பார்வைக்குரிய இடத்திலும் சில. புதிய இணைப்போ என்று நெஞ்சு படபடத்தது. ஊசி இறங்கிய சீவலைத் தேடி எடுத்தேன். தடம் புறணியைத் தாண்டி அடியிலுள்ள வெண்பொருளில் போய் நிற்கிறது. பார்வைப் புறணிக்குப் போகும் இழைகள் அவ்வழியே ஓடுகின்றன. அறுபட்ட இழையும் சாயத்தைக் குடிக்கும்.

பதிவேட்டில் "17: கணக்கில் சேராது" என்று எழுதினேன். எழுத மனம் வரவில்லை; ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் இதை நம்பி மூளையின் இணைப்பு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டை நம்பி இன்னும் எத்தனை எலிகளோ.

மார்ச் 16

18க்கு ஆழம் 1 மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை. ஊசி நுனியை நுண்ணோக்கியில் பார்த்தேன். லேசாக வளைந்திருந்தது. புதிது மாட்டினேன்.