எல்லைத் தபால் – 4: கர்துங் லா ஏற்றம்

அன்புள்ள பாப்பாவுக்கும் தம்பிக்கும்,

போன கடிதத்தை லேயில் நிறுத்தியிருந்தேன். மலைக்காற்று உடம்புக்குப் பழகட்டும் என்று அங்கே இருத்தி வைத்த நாட்கள் முடிந்தன. நேற்று விடியுமுன் தபால் பைகளை லாரியில் ஏற்றி, நூப்ரா பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம்.

"கவரில் ஊர்ப் பெயரே இல்லையேப்பா, எப்படி வந்து சேரும்?" என்று பாப்பா கேட்டிருந்தாள். நீ எழுதுவது என் நம்பர், பெயர், யூனிட், கடைசியில் ராணுவத் தபால் எண்ணான 56 ஏ.பி.ஓ. நான் எங்கே இருக்கிறேன் என்பது நம்மூர்த் தபாலாபீசுக்குத் தெரியாது; தெரியவும் கூடாது. கடிதம் டெல்லியில் இருக்கும் ராணுவத் தபால் நிலையத்துக்குப் போகும். எந்த யூனிட் இன்று எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். படை இடம் மாறினாலும் முகவரி மாறாது, கடிதம்தான் படையைத் தேடிப் போகும். கிழக்கு எல்லையில் இருப்பவர்களுக்கு 56-க்குப் பதில் 99. நாங்கள் குத்தும் முத்திரையிலும் ஊர் இருக்காது, எண் மட்டும்தான். தபால் துறையிலிருந்து என்னைப் போல வந்தவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் இந்த ராணுவத் தபால் பிரிவு, 1972 மார்ச்சில்தான் தனிப் படைப்பிரிவானது.

லேயிலிருந்து கர்துங் லா கணவாய் உச்சி 39 கிலோமீட்டர்தான். ஆனால் தெற்குப் புல்லு சாவடி தாண்டியதும் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டியிருந்தது. உச்சி 17,500 அடிக்கு மேல். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு இரைத்தது, தலை கனத்தது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வழியெல்லாம் சாலைத் தொழிலாளர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பனியை வாரிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். அவர்கள் வாராவிட்டால் ஒரு கடிதமும் நூப்ராவை எட்டாது. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இறக்கத்தில் வடக்குப் புல்லு, கர்துங் கிராமம், கல்சார். அப்புறம் ஷியோக் ஆற்றங்கரை.

முகாமில் லாரி நிற்பதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ரேஷன் வண்டிக்குக்கூட இப்படிக் கூடுவதில்லை. அரக்கு முத்திரையை உடைத்து, கட்டு கட்டாகப் பிரித்துப் பெயர் வாசித்தோம். தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் கடைசிக் கட்டு வரை நின்றான். அவன் பெயர் வரவில்லை. "அடுத்த வண்டியில பாத்துக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, காலிப் பைகளை மடித்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதனால் அரைப் பக்கமாவது எழுதிப் போடுங்கள். தம்பி படம் வரைந்தாலும் போதும். யூனிட் எண்ணை மட்டும் தெளிவாக எழுதுங்கள். அது புரியாமல் போனால் கடிதம் டெல்லியிலேயே தேங்கிவிடும்.

அடுத்த கடிதத்தில் ஹுண்டர் மணல்மேடும், இரட்டைத் திமில் ஒட்டகங்களும்.

அன்புடன்,
அப்பா