நாற்காலியை விட்டபின்னும் நின்ற பணி

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. தமிழகமெங்கும் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த நேரம் அது. நாம் வாழும் வார்டு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மாலைப் பொழுதில் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து, நம் மருமகளை அத்தேர்தலில் நிற்கும்படி வேண்டினர்.

அவர்கள் அவளை நாடி வந்ததில் வியப்பில்லை. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமா, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டுமா, அவர்கள் வந்து நிற்பது நம் வீட்டுத் திண்ணையில்தான். அவளுக்கும் விருப்பம் இருந்தது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. நாம்தாம் மறுத்தோம். "நம் குடும்பத்துப் பெண்களுக்கு அரசியல் எதற்கம்மா? நல்ல பெயர் ஒன்றுதானே நமக்குள்ள சொத்து!" என்றோம். அவள் ஒரு நொடி தலை குனிந்திருந்துவிட்டு, "சரி மாமா" என்றாள். மனுத்தாக்கலின் கடைசி நாளும் கடந்து போயிற்று. குடும்பத்தின் மானத்தைக் காத்துவிட்டதாக நாம் நிறைவு கொண்டோம்.

அவ்வாண்டிலேயே நம் தங்கைக்குப் புற்றுநோய் கண்டது. அவளை அழைத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்றோம். துணைக்கு மருமகளும் வந்தாள். அங்கே காத்திருந்த நாள்கள் நீண்டவை. அச்சத்தினால் நமக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகளோ, படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்குப் படிவம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதனை முடித்து வந்து நம் அருகில் அமர்ந்தவள், "மாமா, இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் அம்மா சட்டசபையில் இருந்தவராம்" என்றாள். குத்திக் காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆயினும் அச்சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரை நாம் அறியாதவர் அல்லோம். ஏழைத் தாய்மாருக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பெயரை அறிந்திருந்தோமேயன்றி வாழ்வை அறிந்தோமில்லை. வீடு திரும்பியபின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரே தலையிட்டு இடமளித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளிவந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்னும் வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டே மணந்தார்.

பெண்கள் சட்டமன்றத்தில் அமரலாம் என்று வழி திறந்தபோது, மாதர் சங்கத்தார் அவரை அழைத்தனர். மருத்துவத் தொழில் கெடுமே என்று அவர் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்தார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற்பெண்மணி அவரே. அவையோர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தனர்.

வாசகர்களே, அந்த இருக்கையைக் கொண்டு அவர் செய்தது யாது? அதே ஆண்டிலேயே, இளஞ்சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தும்படி அரசை வேண்டும் தீர்மானத்தை முன்மொழிந்தார். தம் தாயின் மரபைப் பற்றி மேல்நிலையில் உள்ள பெண் ஒருத்தி வாய் திறவாதிருப்பதே அந்நாளில் மானம் என்று கருதப்பட்டிருக்கும். அவரோ மன்றத்தின் நடுவே நின்று பேசினார். மரபைக் குலைக்கிறார் என்று அவைக்குள்ளும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. தேவதாசிப் பெண்களுள் சிலரே எதிர்த்து விண்ணப்பம் அனுப்பினர்.

அந்த எதிர்ப்புக்கு ஒரு காரணமும் இருந்தது. அப்பெண்களின் பிழைப்பு, கோயில் ஊழியத்தின்பேரில் விடப்பட்டிருந்த மானிய நிலங்களைச் சார்ந்திருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் அவர்கள் எங்கே போவார்கள்? இதனை உணர்ந்த அவர், முதலில் நிலத்தின் முடிச்சை அவிழ்க்க முனைந்தார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியக் கட்டிலிருந்து அந்நிலங்கள் விடுபட்டு, அப்பெண்களுக்கே உரிமையாகும் வழி பிறந்தது. வழக்கத்தைப் பழிப்பது எளிது. அதனால் வாழ்வோரின் வயிற்றுக்கு வழி செய்துவிட்டுப் பிறகு அதனை ஒழிப்பது அரிது. அந்த அரிய வழியை அவர் தேர்ந்துகொண்டார்.

அடுத்து, பொட்டுக்கட்டுவதையே முற்றாகத் தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டு வந்தார். அது நிறைவேறுமுன் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்தார். எந்த மசோதாவுக்காக உழைத்தாரோ அது நடுவழியில் நிற்க, நாற்காலியை விட்டு எழுந்து வெளியேறினார். அந்த எழுச்சி அவருக்கு எத்துணைக் கடினமாய் இருந்திருக்கும்!

இருக்கை போயிற்று, பணி போகவில்லை. அதே ஆண்டில், புகலிடம் இல்லாத சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். தேவதாசி மரபுச் சிறுமியரைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வராத காலம் அது. அவர் தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாய் வளர்ந்தது. நின்றுபோன அந்தச் சட்டமோ, 17 ஆண்டுகள் கழிந்து 1947-இல் நிறைவேறியது. விதைத்தவர் அவையில் இல்லாதபோதும் விதை முளைத்தது.

நம்மை அவ்வரலாற்றின் வாயிலுக்கு இட்டுச்சென்ற மருத்துவமனைக்கு வருவோம். அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். அத்துயரை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அப்படி ஒன்று எதற்கு என்று கேட்டவர்கள் பலர். அவர் சளைக்காமல் மாதர் சங்கத்தின் வழியாய் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு 67 வயது. 1968-இல் அவர் மறைந்தபின் அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். தம் தங்கைக்குக் கிட்டாத சிகிச்சையை அவர் பிறர் தங்கையருக்கு வைத்துவிட்டுச் சென்றார். அந்தப் பிறருள் நம் தங்கையும் ஒருத்தி. அவள் இன்று நலமாய் இருக்கிறாள்.

இதையெல்லாம் படித்து முடித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. தெருப் பெண்கள் வந்து நின்ற அம்மாலைப் பொழுது நினைவில் எழுந்தது. பொதுப்பணியில் இறங்கும் பெண்ணுக்கு மானம் போகும் என்றோமே! அந்த அம்மையாரின் வீட்டில் நம்மைப்போன்ற ஒரு பெரியவர் குறுக்கே நின்று, அவரும் "சரி" என்று தலை குனிந்திருந்தால், நம் தங்கையை நாம் எங்கே கொண்டு சென்றிருப்போம்?

பதவி இல்லாமலும் பணி செய்யலாம் என்பது மெய். அவர் வாழ்வே அதற்குச் சான்று. ஆனால் அதையே சாக்காக வைத்து, பணி செய்பவரைப் பதவியிலிருந்து விலக்கி நிறுத்துவது முறையன்று. மனு எழுதும் கை ஒரு குடும்பத்துக்கு உதவும். சட்டம் எழுதும் கை காணாத குடும்பங்களுக்கும் உதவும். நல்லவர் விலகி நின்றால் நாற்காலி வெறுமையாய் இராது, வேறொருவர் அமர்வார். பின்னர் அரசியல் கெட்டுவிட்டது என்று நாமே புலம்புவோம்.

மறுநாட்காலை மருமகளை அழைத்தோம். அகவை முதிர்ந்தோர் இளையோரிடம் தவற்றை ஒப்புக்கொள்வது எளிதன்று, ஆயினும் ஒப்புக்கொண்டோம். "அம்மா, அன்று நாம் சொன்னது பிழை. அடுத்த தேர்தலில் உனக்கு விருப்பமானால் நில். முதல் வீட்டு வாசலில் உனக்காக வாக்குக் கேட்பவர் நாமாக இருப்போம்" என்றோம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேர்தல் வரும்போது பார்க்கலாம் மாமா. கீழத்தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை; மனு எழுதி வைத்திருக்கிறேன். பேரூராட்சி அலுவலகத்துக்கு நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டாள்.

குடையை எடுத்துக்கொண்டு உடன் நடந்தோம்.