நாற்பது கொண்டை ஊசிகளும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

பொள்ளாச்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சந்தையா? வெல்லமா? இளநீரா? சினிமாவில் கதாநாயகி தாவணி பறக்க ஓடி வரும் தென்னந்தோப்பா? போன வருஷம் ஆடி மாதம் வரையில் எனக்கும் அவைதான் ஞாபகத்துக்கு வந்தன. இப்போது பொள்ளாச்சி என்றால் எனக்கு டயர்தான் ஞாபகம் வருகிறது!

சிரிக்காதீர்கள். "டயர் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்கவும், பட்டுப் புடவையை உள்புறம் திருப்பிப் பார்த்து வாங்கவும் தெரிந்த நமக்கு, டயர் வாங்குவது ஒரு பெரிய வித்தையே அல்ல. அதை நான் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கோயமுத்தூரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோ மீட்டர் போனால் பொள்ளாச்சி. வழியில் கிணத்துக்கடவு. இப்போது சாலை அகலமாகிவிட்டது. கார் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகிறது. வியாழக்கிழமையானால் சந்தைக் கூட்டம். மாடுகளும், மாடு வாங்க வந்தவர்களும், அவர்களுக்கு டீ விற்பவர்களுமாக ஊரே ஜே ஜே என்றிருக்கும். வண்டிக்கும் சக்கரத்துக்கும் பேர்போன சீமை இது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டிய மாட்டு வண்டி ஓடிய இடத்தில் பிறகு 'டயர் வண்டி' ஓடிற்று. 1931-ல் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டை ஆரம்பித்ததும் இந்த ஊரில்தான்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோ மீட்டர். முதல் பாதி சமவெளி. தென்னை மரங்கள் இரண்டு பக்கமும் நின்று வழியனுப்பும். ஆழியாறு அணை வந்ததும் மலை எதிரே வந்து நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். "இத்தனை கொண்டை ஊசி குத்தியும் இந்த மலைக்குக் கூந்தல் அடங்கவில்லையே!" என்றார் என் மாமியார். மேலே மேகம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கோயமுத்தூரில் கிளம்பும்போதே அத்தை நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. அவர் (என் வீட்டுக்காரர்) ஓட்ட, நான் பக்கத்தில், அத்தையும் இரண்டு குழந்தைகளும் பின்னால். எங்களுடையது சின்னக் கார், பழைய கார். ஏ.பி.எஸ். பிரேக் வசதியெல்லாம் இல்லாத வண்டி.

போகும்போது ஒரு குறையுமில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. இந்தச் சாலையை அமைத்த லோம் என்ற இன்ஜினீயரின் பெயரால் அழைக்கப்படும் இடம். அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணையின் நீர், யாரோ உலர்த்தப் போட்ட நீலப் புடவை மாதிரி கீழே தெரியும். பாறைமேல் வரையாடுகள் நின்றன. அந்தச் செங்குத்தான பாறையில் அவை கால் வைக்கும் நிதானத்தைப் பார்த்து என் பையன், "அம்மா, இதுக்கு என்ன டயர்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது. வால்பாறை மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு, நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. சாலை முழுவதும் தண்ணீரும் சருகுமாக மின்னிற்று. ஒரு வளைவில் எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் மரியாதை. அவர் பிரேக்கை மிதித்தார்.

சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல், சோப்பு நழுவுவதுபோல், கார் ஓரத்துச் சுவரை நோக்கி நழுவிற்று. அத்தை "முருகா!" என்றது மட்டும் காதில் விழுந்தது. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, குழந்தைகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எங்கள் முன் டயரைப் பார்த்தார். பிறகு, "மெதுவாப் போங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாற்பதிலிருந்து ஒன்று வரை மீதி வளைவுகளை நாங்கள் எப்படி இறங்கினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொள்ளாச்சிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்ட பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் பெரியவர்; வெகு காலம் பஸ்ஸில் கிளீனராக இருந்தவராம். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது எப்ப வாங்கினதுங்க?"

"நாலு வருஷம் ஆச்சுங்க. அதிகம் ஓடலை. பள்ளிக்கூடம், மார்க்கெட், அவ்வளவுதான்."

"பட்டன் இருக்குதுங்க; உசுருதான் இல்லீங்க" என்றார் பெரியவர். டயர்மேல் கட்டை கட்டையாக இருக்கும் வார்ப்பைத்தான் 'பட்டன்' என்கிறார்கள். பிறகு டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்தைத் துடைத்துக் காட்டினார். அதில் 1214 என்று நான்கு எண்கள். 2014-ஆம் வருஷத்தின் 12-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்! புத்தம் புதிது என்று நாங்கள் சல்லிசாக வாங்கியபோதே அதற்கு ஆறு வயது தாண்டியிருந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது இறுகிப்போகிறது. இறுகிய ரப்பர் ஈரத் தரையைப் பிடிக்காது.

யோசித்துப் பாருங்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். ரொட்டியில் தேதி பார்க்கிறோம். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் டயரில் தேதி பார்த்தோமா? கார் தரையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அகலம். எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, அதே இடம்! குடும்பம் முழுவதும் அந்த நான்கு உள்ளங்கையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

டயரில் எழுதியிருக்கும் மற்றதையும் பெரியவர் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எங்கள் டயரில் 145/80 ஆர்12 74டி என்றிருந்தது. 145 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்றால், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவிகிதம். அதாவது 116 மில்லி மீட்டர். 'ஆர்' என்பது ரேடியல். 12 என்பது உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ வரை தாங்கும். 'டி' என்றால் மணிக்கு 190 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். அந்த நாளில் அம்பாசிடருக்கு 5.90–15 என்றும் பத்மினிக்கு 5.20–14 என்றும் அப்பா ஒப்பிப்பாரே, அதன் பேரன் பேத்திகள்தான் இந்த எண்கள்.

கோயமுத்தூர் திரும்பியதும் புது டயர் யோசனை ஆரம்பமாயிற்று. ஜெர்மனியிலிருக்கும் என் தம்பி டெலிபோனில், "அக்கா, நல்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரா வாங்கு" என்றான். அங்கே கோடைக்கு ஒரு டயர், குளிருக்கு ஒரு டயர். குளிர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும். சாலையில் பனியும் உறைந்த நீரும் கிடக்கும்போது குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கோடைக்கேற்ற டயர்தான். எந்தக் கோடை டயர் என்பதுதான் கேள்வி.

கடையில் மூன்று வகை காட்டினார்கள். முதலாவது, நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர். விலை குறைவு, பிடிப்பும் சற்றுக் குறைவு. மூன்றாவதுதான் தம்பி சொன்ன ரகம். அகலமானது, பக்கச் சுவர் குட்டையானது. ரப்பர் மிருது, சூடான சாலையைக் கெட்டியாகப் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டால் கார் திரும்பும். பார்க்கவும் ஜோர்! என் கொழுந்தனார் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டல்லவா? மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும். எங்கள் காருக்கு 155/65 ஆர்13 போட்டால், சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பக்கச் சுவர் 116-லிருந்து 101 மில்லி மீட்டராகக் குறைந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள அந்தச் சுவர்தான் தலையணை. தலையணை மெலிந்தால் அடி இரும்புக்கும் நம் இடுப்புக்கும் போகும். இன்னும் அகலமாகப் போட்டால், கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசலாம். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் அகன்ற டயர் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். 240 கிலோ மீட்டர் வேகம் தாங்கும் 'வி' எழுத்து, 140-ஐத் தாண்டாத சின்னக் காருக்கு எதற்கு?

நான் நடு ரகத்தை எடுத்தேன். கார்க் கம்பெனி சொன்ன அதே அளவு. ஈரத்தில் பிடிப்புக்கென்று ஆழமான வாய்க்கால் வெட்டிய வார்ப்பு. கட்டத்தில் மூன்று மாதத்துக்கு முந்திய தேதி. "வருஷத்தில் 360 நாள் நாம் ஓட்டுவது காந்திபுரத்திலே தானே?" என்று கொழுந்தனார் வாதாடினார். "அந்த 360 நாளுக்கு எந்த டயரும் போதும் தம்பி. மீதி ஐந்து நாளுக்குத்தான் டயர் வாங்குகிறோம்" என்றேன். அதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். காரில் எல்லோரும் ஏறி, மழையும் பெய்து, மலையும் இறங்குகிற ஒரு மைல் இருக்கிறதே, அந்த மைலுக்காக டயர் வாங்குங்கள்.

பொள்ளாச்சிப் பெரியவர் சொன்ன சில குறிப்புகளையும் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்:

காற்றை, டயர் ஆறியிருக்கும் காலை வேளையில் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். 'வெயில் காலம், வெடித்துவிடும்' என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. அது தப்பு. காற்றுக் குறைந்த டயர்தான் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

வாய்க்காலுக்குள் சின்ன மேடு தெரியும். பட்டன் அதன் மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லி மீட்டருக்குத் தேய்ந்தால், டயர் செத்தது. மழையில் மலை ஏறுகிறவர்கள் 3 மில்லி மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டு டயர்தான் வாங்கக் கையில் பணம் இருக்கிறதா? புதிதைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

புது டயர் போட்ட அன்றே மலைக்குக் கிளம்ப வேண்டாம். மேலே அச்சுப் பூச்சின் வழவழப்பு இருக்கும். இருநூறு, முந்நூறு கிலோ மீட்டர் நிதானமாக ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. "டயரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கோணுமுங்க" என்றார். அவர் முகம் சிறுத்தது. அன்று மூன்றாவது கியரில் பிரேக்கை நம்பி இறங்கியதை எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

இந்த வருஷம் மறுபடியும் வால்பாறை போனோம். மழை இருந்தது. இறங்கும்போது பாதி தூரம் நான் ஓட்டினேன். அந்த வளைவு வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். இரண்டாவது கியரில் கார் பசுமாடு மாதிரி நிதானமாகத் திரும்பி இறங்கிற்று. பின்னால் அத்தை மெல்ல மூச்சு விட்டது கேட்டது.

எலுமிச்சம்பழம் வைப்பதை அத்தை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒரு வித்தியாசம். பழம் வைக்கக் குனிகிறபோது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். நான்கு டயரையும் ஒவ்வொன்றாகத் தடவி, வாய்க்காலில் கல் சிக்கியிருந்தால் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, "கண்ணு, காத்துப் பார்த்தாச்சா?" என்று கேட்கிறார். பார்த்தாயிற்று என்றால்தான் பழம் வைக்கிறார்.

நீங்களும் அடுத்த தடவை குனியும்போது, அந்த நான்கு எண்களை ஒரு முறை படித்துவிடுங்கள்.