வெற்றிக்காகக் கேட்ட துஆ

மஃக்ரிப் தொழுகையில் சலாம் கொடுத்த பின்னும் எங்கள் மகன் ஏந்திய கைகளை இறக்கவில்லை. பத்து வயதுச் சிறுவன். வழக்கமாக அவ்வளவு நேரம் துஆ கேட்பவன் அல்லன். அன்று 2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. டெட்ராய்ட் நகரின் கொமெரிக்கா பார்க் மைதானத்தில் டைகர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் என்ன கேட்கிறான் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. உண்மையைச் சொல்வதானால், எங்கள் உள்ளமும் அந்நேரம் தொழுகை விரிப்பில் இல்லை.

மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து நெடுநாள் கழித்தே நாங்கள் பேஸ்பால் பார்க்கப் பழகினோம். கிரிக்கெட்டில் வளர்ந்த கண்களுக்கு முதலில் வியப்பளித்தது அதன் நீளம். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம். மிகச் சிறந்த அணியும் பலமுறை தோற்கும். இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் தோல்வியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டவர்கள் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

டைகர்ஸ் அணி 2014க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளை எட்டியதே இல்லை. 2024 ஜூலை இறுதியில் நிர்வாகமே நம்பிக்கை இழந்து, ஜேக் ஃபிளாஹர்ட்டி உள்ளிட்ட சிலரைப் பிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று கணக்கு 55 வெற்றி, 63 தோல்வி. இறுதிச் சுற்றை எட்டும் வாய்ப்பு 0.2 விழுக்காடு எனப் புள்ளிவிவரக்காரர்கள் கணித்தார்கள், ஆயிரத்தில் இரண்டு. ரசிகர்கள் பள்ளிக்கூடத் திறப்பைப் பற்றியும், கால்பந்து ஆடும் லயன்ஸ் அணியைப் பற்றியும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு எஞ்சிய 44 ஆட்டங்களில் அந்த அணி 31ஐ வென்றது. முழுதாக நம்பத்தக்க தொடக்கப் பந்துவீச்சாளர் டாரிக் ஸ்கூபல் ஒருவரே. அவர் எறியாத நாள்களில், மேலாளர் ஏ. ஜே. ஹிஞ்ச் ஒரே ஆட்டத்தை இளம் பந்துவீச்சாளர்கள் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அடுத்து யார் வருவார் என்பது எதிரணிக்குத் தெரியாது. ரசிகர்களும் ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. முதலில் கேலியாகப் பேசினார்கள். பிறகு காலையில் எழுந்ததும் புள்ளிப் பட்டியலைப் பார்த்தார்கள். செப்டம்பர் நடுவில் கடையில் பணம் வாங்குபவரும் பெட்ரோல் நிலையத்தில் நிற்பவரும் ஒருவரையொருவர் கேட்ட முதல் கேள்வி நேற்றைய ஆட்டம் என்னவாயிற்று என்பதே. அறிமுகமற்றவர்களிடையே அப்படியொரு நெருக்கத்தை நாங்கள் ஈத் தொழுகைத் திடலில்தான் கண்டிருக்கிறோம்.

அன்றிரவு டைகர்ஸ் 4-1 என்று வென்று இறுதிச் சுற்றில் இடம்பிடித்தது. நாங்கள் கட்டித் தழுவிக்கொண்டோம். அப்போது மகன் கேட்டான்: "வாப்பா, நான் கேட்ட துஆவாலதான் ஜெயிச்சாங்களா?"

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னோம். சொன்ன சொல்லில் பிழையில்லை. சொன்ன விதத்தில், ஆமாம் என்று அவன் எடுத்துக்கொள்ள இடம் வைத்தோம்.

அண்டை வீட்டுப் பெரியவர் தம் வாசல் திண்ணையில் வானொலியோடு அமர்ந்திருந்தார். 1968, 1984 கோப்பைகளை நேரில் வாழ்ந்தவர்போல் நினைவுகூர்பவர். வாழ்த்துச் சொல்லச் சென்ற எங்களிடம் அவர் பேசியதோ எதிரணியைப் பற்றி. அன்று தோற்ற சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு அது அப்பருவத்தின் 121ஆம் தோல்வி. நவீனக் கால பேஸ்பாலில் எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை முறை தோற்றதில்லை. 2003இல் டைகர்ஸ் 119 முறை தோற்றபோது தாமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லி, அந்தப் பையன்களுக்காக வருந்தினார். முஸ்லிமல்லாத அந்தப் பெரியவரிடம் கண்ட பண்பு எங்களைச் சற்றுக் கூச வைத்தது. சிகாகோவிலும் ஒரு வீட்டில் ஒரு சிறுவன் கையேந்தியிருப்பானே என்ற எண்ணம் எங்களுக்கு அதுவரை எழவே இல்லை.

டைகர்ஸ் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை வீழ்த்தி, பின்னர் கிளீவ்லாந்து கார்டியன்ஸிடம் ஐந்தாம் ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அந்தத் தோல்வி மகனைப் பெரிதாக வாட்டவில்லை. எதிர்பாராத விருந்தில் கடைசிப் பதார்த்தம் மட்டும் கிடைக்காமல் போனதுபோல் எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டுதான் சோதனை. 2025 ஜூலையில் கிளீவ்லாந்து 15.5 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்தது. செப்டம்பர் தொடக்கத்திலும் இடைவெளி 11 ஆட்டங்கள். பிறகு அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். நம்மவர்கள் தோற்கத் தொடங்கினார்கள். சென்ற ஆண்டு நாங்கள் சுவைத்த அதே திருப்பம், இப்போது எதிர்த் திசையில். செப்டம்பர் 23 அன்று கிளீவ்லாந்தில் ஸ்கூபலே பந்தைத் தம் கால்களுக்கிடையே முதல் தளத்துக்கு எறிய முயன்று தவறவிட்டார். அன்றிரவு இரு அணிகளும் சமநிலைக்கு வந்தன. முடிவில் கிளீவ்லாந்து 88 வெற்றி, டைகர்ஸ் 87. அவ்வளவு பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு எந்த அணியும் தன் பிரிவை வென்றதில்லை.

அந்த நாள்களில் ஒருநாள் இஷா முடிந்ததும் மகன் துஆ கேட்காமல் எழுந்துவிட்டான். கேட்டபோது, "இந்த வருஷம் துஆ வேலை செய்யல, வாப்பா" என்றான். குரலில் கோபம் கூட இல்லை. பழுதான கருவியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.

ஒரு பருவம் முழுதும் நாங்கள் ஊட்டியது இதைத்தானா என்று நெஞ்சு கனத்தது. 2021 ஜனவரியிலிருந்து இங்கே கைப்பேசி வழியே விளையாட்டுச் சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. ஆட்டத்தின் இடைவேளைதோறும் அதன் விளம்பரங்கள். அவற்றைக் கண்டதும் நாங்கள் ஒலியைக் குறைத்துவிடுவோம், ஹராம் என்று விளக்கமும் சொல்வோம். ஆனால் ஆயிரத்தில் இரண்டு என்ற கணக்கை எத்தனை முறை அவன் காதுபட வியந்திருப்போம்! துஆவையும் அவன் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தான்: கையேந்திக் கட்டும் பணயம், ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை.

அன்றிரவு விரிப்பிலேயே அவனை உட்காரவைத்து, அனஸ் (ரலி) அறிவித்து புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சியைச் சொன்னோம். நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை. அவர்கள் முகத்திலேயே அதைக் கண்டுகொண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயர்வடையும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பதை அவர்களுக்கு உணர்த்தினார்கள்.

மகன் முதலில் பிடித்துக்கொண்டது நாங்கள் எதிர்பாராத இடத்தை. "ஸஹாபாக்களும் கவலைப்பட்டாங்களா?" கவலைப்பட்டார்கள் என்றோம். அதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னோம். அவன் முகம் சற்றுத் தெளிந்தது. சென்ற ஆண்டு அவன் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாதது எங்கள் தவறு என்பதையும் ஒப்புக்கொண்டோம். அல்லாஹ் உன் துஆவைக் கேட்டான். சிகாகோப் பையனின் துஆவையும் கேட்டான். அவனுக்கு என்ன கொடுத்தான் என்பது புள்ளிப் பட்டியலில் வராது என்றோம். எவ்வளவு புரிந்துகொண்டானோ, தலையாட்டினான்.

அக்டோபர் 2 அன்று டைகர்ஸ் கிளீவ்லாந்துக்கே சென்று அவர்களை வெளியேற்றியது. வேலிக்கு அப்பாலிருந்து பெரியவர் கையசைத்தார். மகனும் குதித்துக் கையசைத்தான். எட்டு நாள் கழித்து சியாட்டிலிடம் 15 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் தோற்றபோது, அவன் முடிவு தெரியாமலே உறங்கிப்போயிருந்தான்.

காலையில் ஃபஜ்ருக்கு எழுப்பும்போது செய்தியைச் சொன்னோம். ஒளூச் செய்துவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றான். "வாப்பா, அந்த ஒட்டகம் அதுக்கப்புறம் ஓடிச்சா?"

"ஓடியிருக்கும்" என்றோம். விரிப்பை விரித்து எங்களுக்கு அருகில் நின்றான்.